அசைன்மென்ட்டை ஏஐ எழுதினால் மதிப்பெண் யாருக்கு? தர்மபுரி வகுப்பறையில் வைத்துப் பார்த்த ஐந்து வழிகள்

போன செமஸ்டரில் என்னிடம் வந்த ஒரு அசைன்மென்ட்டில் ஒவ்வொரு துணைத்தலைப்புக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டிருந்தது. கட்டுரை நீல மையில். நட்சத்திரம் மட்டும் பச்சை ஸ்கெட்ச் பேனாவில். அழகுக்குப் போட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாம் பக்கத்தில், வரிக்கு நடுவில், ‘நடுகல்’ என்ற சொல்லின் இருபுறமும் அதே நட்சத்திரம். அப்போதுதான் விளங்கியது. எழுத்தைத் தடிமனாகக் காட்டுவதற்கு ஏஐ உள்ளுக்குள் வைக்கும் குறி அது. வாட்ஸப்பில் கைமாறி வந்தபோது குறி குறியாகவே வந்து விழுந்திருக்கிறது. பையன் அதையும் விடாமல் ஏழு பக்கத்துக்குக் கையால் வரைந்திருக்கிறான். ஏமாற்றினான் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அவ்வளவு உழைப்பு.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டில் 58 பேர். பாதிக்கு மேல் வீட்டில் முதல் பட்டதாரி. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். நாலைந்து பேர் ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். இன்டர்னல் 25 மதிப்பெண், அதில் அசைன்மென்ட்டுக்கு 5. அந்த ஐந்தை வைத்துத்தான் இப்போது இவ்வளவு பேச்சும். அடுத்த செமஸ்டரில் அசைன்மென்ட்டை எப்படி வாங்கப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லித் துறைத் தலைவர் கேட்டிருக்கிறார். ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு யோசனை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் என் வகுப்பில் வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ஏஐ வருவதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் சொந்தமாக எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீனியர் எழுதியது ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். அட்டையையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஒரு கட்டுரை நான் பார்க்க நாலு பேட்ச் கைமாறி வந்தது. அதில் ஒரு ஆண்டு பிழையாக இருந்தது. பிழையும் நாலு பேட்ச் கூடவே வந்தது. நாங்களும் பக்கத்தை எண்ணி, ஓரத்தில் டிக் அடித்து, 4 போட்டுக் கொடுத்துவிடுவோம். இப்போது திடீரென்று நேர்மை பேசுவதற்கு முன் அந்த டிக்குகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் எந்த வழியாக இருந்தாலும் நான் கேட்பது இரண்டே கேள்வி. தப்பே செய்யாத பிள்ளை இதில் மாட்டிக்கொள்ளுமா? 58 பேருக்கு, இருக்கிற பீரியடுக்குள், நடத்தி முடிக்க முடியுமா?

சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30-ஆம் தேதி. அன்றைக்கு எங்கள் வகுப்பில் அதைத் தொட்டவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிகம். 2025-இல் எல்லாம் தலைகீழ். ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்ஸிட்டி புரோ என்ற ஏஐ கருவியை ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, முதலில் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு என்று சொல்லி, கூகுளின் ஏஐயான ஜெமினி புரோவை 18 மாதத்துக்கு இலவசமாகத் தந்தது. நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோவும் இந்தியாவில் ஓராண்டுக்கு இலவசமாகக் கிடைத்தது. ரீசார்ஜ் போட்டவன் பையிலெல்லாம் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார், கேட்டதை எழுதித் தர. ‘பயன்படுத்தக் கூடாது’ என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடிக்குத் தடை போட்டன, மே மாதமே தடையை எடுத்தன. அவர்களுக்காவது பள்ளியின் கணினி, பள்ளியின் இணையம் என்று அடைக்க ஒரு வாசல் இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? பையன் கையில் இருப்பது அவன் அப்பா வாங்கித் தந்த போன்.

டிடெக்டரில் போட்டுப் பிடிப்பது

“டிடெக்டர்ல போடுங்க சார், பர்சன்டேஜ் வந்துரும்” என்றார் காமர்ஸ் நண்பர். எழுத்தை ஒட்டினால் இதில் எத்தனை சதவீதம் ஏஐ எழுதியது என்று சொல்லும் மென்பொருள்தான் டிடெக்டர். பர்சன்டேஜ் வரத்தான் செய்யும். நானே ஒருமுறை போட்டுப் பார்த்து மூக்குடைபட்டவன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆங்கில வழியில் எழுதும் ஒரு மாணவி. கட்டுரையை டைப் செய்து அனுப்பியிருந்தாள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு டிடெக்டரில் ஒட்டினேன். 82 சதவீதம் ஏஐ என்று சிவப்பில் காட்டியது. கூப்பிட்டுக் கேட்டேன், அதுவும் மற்றவர்கள் காதில் விழும்படி. அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அடித்தும் திருத்தியும் மூன்று வரைவு. முதலில் தமிழில் எழுதி, ஓரத்தில் ஆங்கிலச் சொற்களைத் தேடி எழுதி, பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில். “எனக்கு இவ்ளோதான் சார் இங்கிலீஷ் வரும்” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அந்த வருஷம் முழுக்க அவள் முன்வரிசைக்கு வரவே இல்லை.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் டிடெக்டரின் கோளாறு முழுசும் இருக்கிறது. ஏஐ எழுதுவது எப்படி என்றால், இதுவரை வந்த சொற்களைப் பார்த்து அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போவது. டிடெக்டர்களில் பல அதையே திருப்பிப் பிடிக்கின்றன. அடுத்த சொல் எளிதாக ஊகிக்கும்படி இருந்தால் இயந்திரம், எதிர்பாராத சொல் அடிக்கடி வந்தால் மனிதர். நல்லது. ஆனால் கொஞ்சம் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு எதிர்பாராத சொல் எங்கிருந்து வரும்? தெரிந்த சொல்லை, தெரிந்த வரிசையில் வைத்துத்தான் எழுதும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2023-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 டிடெக்டர்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. 91-இல் 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு டிடெக்டராவது குற்றம் சாட்டியது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்தத் தவறு மிகக் குறைவு. அதாவது வலையில் சிக்குவது திருடன் அல்ல, ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவன். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர்.

சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டர் விட்டது. ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அவர்களே மூடிவிட்டார்கள். அந்த 9 சதவீதத்தை என் வகுப்புக்குப் போட்டுப் பாருங்கள்: 58 பேரும் நேர்மையாக எழுதியிருந்தாலும் 5 பேர் குற்றவாளி. கல்லூரிகளுக்குக் கட்டுரைகளைச் சரிபார்த்துத் தரும் டர்னிட்டின் நிறுவனம் தன் டிடெக்டரில் தவறு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்த ஒரு சதவீதத்தையே எடுத்துக் கணக்குப் போட்டது. 2022-இல் அவர்கள் சரிபார்க்கக் கொடுத்த கட்டுரைகள் 75,000. ஒரு சதவீதம் என்றால் 750. அத்தனை பிள்ளைகள்மேல் பொய்ப்பழி விழும் என்று 2023 ஆகஸ்டில் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் ஆங்கிலக் கதை. தமிழுக்கு எப்படி என்று பார்க்க, 2009-இல் நான் எழுதிய எம்.ஃபில். ஆய்வேட்டிலிருந்து ஒரு பக்கத்தைத் தட்டிப் போட்டேன். ‘பெரும்பாலும் ஏஐ’ என்று வந்தது. கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் தமிழ்த் துறை அம்மா: ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘இன்றியமையாத ஒன்றாகும்’, ‘என்றால் அது மிகையாகாது’ என்று வந்தால் ஏஐ. அவர் சொல்வது பாதி சரி. ஆனால் அந்தச் சொற்றொடர்களை நாம்தான் பத்தாம் வகுப்பு கைடிலிருந்து பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்தோம். இயந்திரமும் அதே கைடைத்தான் படித்திருக்கும் போல.

யுஜிசியின் 2018 எழுத்துத் திருட்டு ஒழுங்குமுறையில் 10 சதவீதம் வரை விடலாம் என்று இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். அது வேறு கணக்கு. எழுதியது ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது அது. அங்கே மூலத்தைப் பக்கத்தில் வைத்து, இதோ இந்த வரி இங்கிருந்து வந்தது என்று காட்டலாம். டிடெக்டரின் சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒன்றுமே கிடையாது. பெற்றோர் வந்து கேட்டால் ‘கம்ப்யூட்டர் சொல்லுது’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

வினாத்தாளில் வெள்ளை எழுத்தில் ஒரு வேடிக்கைச் சொல்லை ஒளித்து வைத்தால் ஏஐ அதையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொடுக்கும் என்று ஒரு தந்திரம் சுற்றுகிறது. எங்கள் ஊரில் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். வெள்ளைச் சாக்பீஸில் எதை ஒளிப்பது?

டிடெக்டர் வழியை நான் முதலிலேயே கழித்துவிட்டேன்.

கையால் எழுதி வாங்குவது

வீட்டில் கையால் எழுதி வா என்பதன் பலன் நட்சத்திரப் பையன். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம். அவனைக் கூப்பிட்டு நட்சத்திரம் எதற்கு என்றேன். “தலைப்புன்னா அப்படிப் போடணும்னு நெனச்சேன் சார்.” சரி, நடுகல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல் என்றேன். நிரை கவர்தல், மீட்டல், கல் எடுக்கும் முறை என்று மூன்று நிமிஷம் சொன்னான். ஏழு பக்கம் எழுதிய கைக்கு ஏதோ ஒட்டியிருக்கிறது. பிடிஎஃப் அனுப்பியவர்களில் பலருக்கு அதுவும் ஒட்டவில்லை.

வகுப்பிலேயே உட்கார வைத்து எழுதி வாங்குவது வேறு. ஐம்பது நிமிஷப் பீரியட், போன் பையில், பை மேடைமேல். யார்மேலும் பழி விழாது, காசு செலவில்லை, 58 பேருக்கும் ஒரே பீரியடில் முடிந்துவிடும். என் இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லும் வழி இது ஒன்றுதான். பெரிய வகுப்பு வைத்திருப்பவர்கள், நூறு பேருக்கு மேல் இருந்தால், மற்றதை யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். பள்ளி ஆசிரியர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். வகுப்பறையில் ஏஐ கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 என்று யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக்கு அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

குறை என்னவென்றால், இது இன்னொரு டெஸ்ட் ஆகிவிடுகிறது. இன்டர்னல் டெஸ்ட், மாடல், செமஸ்டர் என்று ஏற்கெனவே எழுதித் தேய்கிறார்கள். அசைன்மென்ட் என்று ஒன்றை வைத்ததே நூலகத்துக்குப் போ, நாலு புத்தகத்தைப் புரட்டு, ஒரு வாரம் ஒரு விஷயத்தோடு இரு என்பதற்காக. மனப்பாடத்துக்கு இன்னொரு மேடை போடவா? தவிர, மாங்கூழ் ஆலை ஓடும் மாதங்களிலும் புளி உலுக்கும் மாதங்களிலும் வகுப்பில் பத்துப் பேராவது குறைவார்கள். எழுதும் நாளில் வராதவனுக்கு மறுபடி ஒரு நாள், அவனுக்கு வேறு தலைப்பு.

போன வருஷம் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தேன். கையால் எழுதிய ஒரு ஏ4 தாள் குறிப்பு கொண்டுவரலாம் என்றேன். ‘பிட்டுக்கு சாரே பர்மிஷன் குடுத்துட்டார்’ என்று வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தக் குறிப்புத் தாள்கள்தான் கட்டுரைகளைவிட நன்றாக இருந்தன. ஒரே தாளில் எதை வைப்பது, எதை விடுவது என்று திண்டாடியிருக்கிறார்கள். ஏஐயிடம் கேட்டுச் சுருக்கியவர்களும் இருப்பார்கள், இருக்கட்டும். அந்தத் தாளையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

சொல்லிவிட்டுப் பயன்படுத்து என்பது

எந்தக் கருவி, எதற்குப் பயன்படுத்தினாய் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிடு, தண்டனை இல்லை. கேட்க நாகரிகமாக இருக்கிறது. ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். 58 பேரில் 6 பேர் எழுதினார்கள். மற்ற 52 பேர் ‘பயன்படுத்தவில்லை’. உண்மை சொன்ன ஆறு பேரும் அடுத்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்க்கப் பயந்தார்கள். நேர்மைக்கு வரி போட்டதுபோல் ஆகிவிட்டது.

அதற்காக இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாணவன் ஒருவன். வீட்டில் கன்னடம். அவனுக்கு றகர ரகரம், லகர ளகர ழகரம் மூன்றும் ஜென்மப் பகை. அவன் போனில் வாயால் சொல்லிச் சொல்லி எழுத்தாக்கி, பிறகு ஏஐயிடம் எழுத்துப்பிழை மட்டும் திருத்தச் சொல்லிக் கொண்டுவந்தான். விஷயம் அவனுடையது. அக்கா படித்துத் திருத்திக் கொடுத்தால் நாம் கேட்போமா? அவனுக்கு அப்படி ஒரு அக்கா இல்லை.

எல்லையில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் செய்த ஆய்வு இருக்கிறது. சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவியோடு பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு கருவியை வாங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, கருவியே தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் அமைத்துக் கொடுத்த கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஊன்றுகோல் கொடுப்பதில் தப்பில்லை. நடக்க வேண்டியவன் அதைப் பல்லக்காக்கிவிடக் கூடாது. ஆனால் அப்படி அமைத்துக் கொடுத்த கருவி எங்களிடம் இல்லை, அமைக்கத் தெரிந்த ஆளும் இல்லை. முதுகலைக்கு, ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்த வழி பொருந்தும். பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்குத் தனியாக நிற்காது.

நானும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. போன வருஷம் ஒரு மதிப்பெண் வினாக்கள் ஐம்பதை ஏஐயிடம் தயாரித்தேன். கிருஷ்ணகிரி எந்த மாவட்டத்திலிருந்து பிரிந்தது என்ற கேள்விக்கு சேலம் என்று விடை போட்டிருந்தது. பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தர்மபுரிதான் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஊத்தங்கரைப் பிள்ளைக்கு இது தெரியாதா? “சார், இது நீங்க போட்ட கொஸ்டினா?” என்று கேட்டாள். அந்தக் கடைசிப் பக்கப் படிவத்தை நான்தான் முதலில் நிரப்பியிருக்க வேண்டும்.

உட்கார வைத்துக் கேட்பது

வைவா. எழுதியதை வைத்துக்கொண்டு எதிரில் உட்காரு, நான் கேட்கிறேன், நீ சொல். ஏஐ எழுதியதா இல்லையா என்ற கேள்வியே இங்கே விழுந்துவிடுகிறது. எழுதியது யாராக இருந்தாலும், உனக்குத் தெரிகிறதா?

அதியமானைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். தர்மபுரியின் பழைய பெயர் தகடூர், அதை ஆண்டவன் அதியமான் அஞ்சி. தகடூர்க்காரர்கள் அவனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. நெல்லிக்கனி தந்ததைப் பாடிய ஔவையின் பாட்டு என்று நாலு வரி, புறநானூற்று எண்ணோடு. ஓசை சங்கப் பாட்டுப் போலவே இருந்தது. ஆனால் அந்த எண்ணில் வேறு பாட்டு. அந்த நாலு வரியோ எங்குமே இல்லை. ஏஐ புத்தகத்தைத் திறந்து பார்த்து எடுத்து எழுதுவதில்லை. சங்கப் பாட்டு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரிந்ததை வைத்து ஒன்றைக் கட்டிவிட்டது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நூலகத்திலிருந்து புறநானூற்றை எடுத்துவரச் சொன்னேன். அடிக்குறிப்பைப் பார்த்துப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் 91-ஆம் பாட்டை அவளே கண்டுபிடித்தாள். “சார், இதுல நெல்லின்னு இருக்கு, அதுல கனின்னு மட்டும்தான் இருந்துச்சு” என்றாள். அந்தப் பத்து நிமிஷத்தில் நடந்ததுதான் பாடம்.

சிக்கல் நேரம். ஆளுக்கு 7 நிமிஷம் என்றால் 58 பேருக்கு 406 நிமிஷம், எட்டுப் பீரியடுக்கு மேல். ஒரு தாளுக்கு அவ்வளவு பீரியட் கிடைக்காது. மூன்று மூன்று பேராகக் கூப்பிட்டுக் குழுவுக்குப் 10 நிமிஷம் என்றால் 20 குழு, 200 நிமிஷம், நாலே பீரியட். இது ஓடும். இன்னொரு நன்மையும் உண்டு: தனியாக வந்தால் வாயே திறக்காத பெண்கள், பக்கத்தில் தோழி இருந்தால் பேசுகிறார்கள்.

பயம் எனக்கு என்மேல்தான். தடுமாறாமல் பேசுகிறவனுக்கு அதிகமாகவும், கூச்சப்படுகிறவளுக்குக் குறைவாகவும் போட்டுவிடுவேனோ என்று. அதனால் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வகுப்பில் ஒட்டிவிடுவதாக இருக்கிறேன். இதில் உனக்கு நம்பிக்கை வராத வரி எது? இந்தச் சொல்லை வீட்டில் எப்படிச் சொல்வார்கள்? எதை வெட்டினாய், ஏன்?

ஏஐக்குத் தெரியாத ஊரைக் கேட்பது

‘நடுகற்கள் ஒரு கட்டுரை’ என்று கேட்டால் ஏழு நொடியில் வரும். ‘உன் ஊர் எல்லைக்குள் இருக்கும் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வந்து எழுது’ என்றால்? எனக்கு இருக்கிற ஆசையெல்லாம் இந்த வழிமேல்தான். ஆனால் இதிலும் அடி வாங்கியிருக்கிறேன்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர். அந்தக் குழாய் உன் தெருவுக்கு எப்போது வந்தது, அதற்கு முன் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுது என்றேன். நாலு கட்டுரையில் ‘எழுபது வயது மூதாட்டி ஒருவர் கூறுகையில், நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அளவு அதிகரித்ததால் நாங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டோம்’ என்று இருந்தது. எந்த ஆயாவும் இப்படிப் பேச மாட்டாள். அந்த ஆயாவைப் பார்க்கலாமா என்றேன். “பொண்ணு வூட்டுக்குப் போயிருக்காங்க சார்.” நாலு ஆயாவும் ஒரே நாளில் பெண் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதே வகுப்பில் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: ‘எங்க ஆயா சிரிக்கும்போது கையால வாய மூடிக்கும். பல்லு பழுப்பா இருக்கும். எனக்கு அப்படி இல்ல. என் தம்பிக்கும் இல்ல.’ மொத்தமே ஒன்றரைப் பக்கம். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

நடுகல்லுக்கும் அப்படி ஒன்று. அரூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி. அவள் ஊரில் அந்தக் கல்லை நடுகல் என்று யாரும் சொல்வதில்லை, வேடியப்பன். இந்த மாவட்டங்களில் பல நடுகற்களுக்கு அதுதான் பெயர், கும்பிடுசாமி. எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கல் கறுத்துப்போய், வில் பிடித்த கை மட்டும்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தாள். ரோடு போட வந்த வண்டி கல்லுக்கு முன்னால் வந்து நின்றுபோன கதையைப் பூசாரி சொன்னாராம். குறிப்பு நோட்டில் இவ்வளவும் இருந்தது. கட்டுரையில் இல்லை. கட்டுரையில் ‘சோழர் காலத்தைச் சேர்ந்த இந்த வீரனின் நினைவுச்சின்னம்’ என்று தொடங்கி வழுவழுவென்று போகிறது. வேடியப்பன் என்ற பெயரே ஓரிடத்திலும் இல்லை. கேட்டேன். “நல்லா எழுதித் தரச் சொன்னேன் சார், அதுவே மாத்திருச்சு.” சோழர் என்று உனக்கு யார் சொன்னது? “தெரியல சார். நல்லா இருந்துச்சு, வுட்டுட்டேன்.”

நோட்டை மட்டும் வாங்கி மதிப்பெண் போட்டேன். அவளுக்கு அது புரியவே இரண்டு நாள் ஆனது: அடித்துத் திருத்திய நோட்டுக்கு மார்க்கா, அழகாக டைப் செய்ததற்கு இல்லையா?

ஊருக்குப் போய்ப் பார்க்க முடியாத தலைப்பும் உண்டு. அதற்கும் ஏஐயையே சாட்சிக்கூண்டில் ஏற்றலாம். தமிழகத்தில் இரும்பின் காலம் என்ன என்று இரண்டு கருவியிடம் கேள் என்பேன். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 என்று 2022 மே மாதம் அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக் கணக்கு வந்து, அது கி.மு. 3345 வரை பின்னால் போனது. ஒரு கருவி பழையதைச் சொல்லும், இன்னொன்று புதியதைச் சொல்லும், இரண்டும் ஒரே உறுதியோடு சொல்லும். ஏன் இரண்டு எண் என்று கண்டுபிடித்து வா, அதுதான் அசைன்மென்ட்.

துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். தலைப்பு ஊரைச் சேர்ந்தது, அல்லது இரண்டு விடையை மோதவிடுவது. ஏஐ தொடலாம், தடை இல்லை, படிவமும் இல்லை. 5 மதிப்பெண்ணில் 1 குறிப்பு நோட்டுக்கு, அடித்தல் திருத்தல் உட்பட. 2 வகுப்பில் உட்கார்ந்து ஒரு பீரியடில் எழுதும் ஒன்றரைப் பக்கத்துக்கு, கையில் ஒரு ஏ4 தாளோடு. 2 மூன்று பேர் குழுவாக வந்து பேசுவதற்கு. டைப் செய்த கட்டுரையே வேண்டாம். கணக்குப் போட்டால் மொத்தம் ஐந்து பீரியட் போகிறது, முன்பு பூஜ்யம். அந்த ஐந்து பீரியடுக்குப் பதிலாக ஒரு யூனிட்டை வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும், அதை மறைக்கவில்லை. காமர்ஸ் நண்பர் 120 பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அவர் வகுப்பு எழுத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும், டிடெக்டரை மட்டும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

முதல் குழுக்களை ஜூலை மூன்றாம் வாரம் கூப்பிடுகிறேன். மாங்கூழ் ஆலைக்குப் போகிற பிள்ளைகளின் பெயரை ஆகஸ்ட் பட்டியலில் தனியாக எழுதி வைத்தாயிற்று.